ஏழாவது கிழங்கு

டிசம்பர் 12

குன்னூர். எழுத உட்கார்ந்தால் குளிரில் முதலில் விரல்கள் மறுக்கின்றன.

ஆய்வேட்டின் கடைசி இயல் மீதி இருக்கிறது. அதை முடிக்கத்தான் கோவையை விட்டு இங்கே வந்தேன். பொருள்: காலனிய காலத்தில் தாவரங்களுக்குப் பெயர் வைத்த கதை. ஐந்து வருடம், முந்நூறு பக்கம். எல்லாம் பிறர் வைத்த பெயர்களைப் பற்றி. நானாக ஒரு பூனைக்குக்கூடப் பெயர் வைத்ததில்லை.

வீட்டு உரிமையாளர் செலின் டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்பகுதி எனக்கு வாடகைக்கு. சமையலறை இருவருக்கும் பொது. மகளின் பிரசவத்துக்காக டீச்சர் நாளை மறுநாள் மஸ்கட் போகிறார். மே மாதம்தான் திரும்புவார். அதுவரை வீடும் தோட்டமும் என் கையில்.

இன்று டேலியா கிழங்குகளைத் தோண்டினோம். செடிகள் பனியில் கருகி நின்றன. அடியில் கொத்துக் கொத்தாகக் கிழங்குகள். பார்த்தால் சக்கரவள்ளிக்குச் சித்தப்பா பிள்ளைகள் போல இருக்கின்றன. டீச்சர் ஒவ்வொரு கொத்தையும் குழந்தையைத் தலைக்குக் கை கொடுத்துத் தூக்குவது போலத் தூக்கினார். காரணம் கேட்கவில்லை.

டிசம்பர் 14

டீச்சர் கிளம்பிவிட்டார்.

ஏழு கொத்துகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஐஸ் குச்சி கட்டி எண் எழுதியிருக்கிறது. பழப்பெட்டியில் காய்ந்த மணல் பரப்பி, அதற்குள் புதைத்து, சமையலறை அலமாரியின் கீழே வைத்தோம். வீட்டில் உறைபனி எட்டாத ஒரே இடம் அதுதான். பிப்ரவரியில் நட வேண்டும். நடும் நாள், குழியின் ஆழம், கம்பின் உயரம் எல்லாம் ஒரு தாளில் கணக்கு டீச்சர் கையெழுத்தில் இருக்கிறது.

வண்டி வந்த பிறகும் டீச்சர் படியில் நின்று, "உலகு" என்று என்னைக் கூப்பிட்டார்.

"மத்த ஆறும் போனாக் கடையில வாங்கிக்கலாம் உலகு. ஏழாவது என் தோட்டத்துல விதையில வந்தது. டேலியால விதை போட்டா அம்மா மாதிரி பிள்ளை வராது. கிழங்கை வச்சாத்தான் அதே பூ. இந்த உலகத்துல அது இருக்கிற ஒரே இடம் இந்தப் பெட்டிதான்."

வெள்ளைப் பூ. ஒவ்வொரு இதழின் நுனியும் ஊதா மையில் தொட்டு எடுத்தது போல இருக்குமாம். பெயர் இன்னும் இல்லை. குழந்தை பிறந்ததும் இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பதாக டீச்சர் திட்டம். அந்தப் பெயரோடு மே மாத மலர்க் கண்காட்சியில் வைக்க வேண்டும். ஒன்பது வருடமாக டீச்சருக்கு இரண்டாம் இடம்.

டிசம்பர் 21

உறைபனி. புல் மேல் உப்புத் தூவியது போல. மணல் உலர்ந்திருக்கிறது. இயல் ஐந்து: பூஜ்யம் பக்கம்.

டிசம்பர் 29

கிழங்குக்கு எலி வருமா என்று கேட்க மேல் வளைவில் உள்ள நர்சரிக்குப் போனேன். நடத்துகிறவர் பெயர் பெள்ளிராஜ். முப்பது வயது இருக்கலாம். இந்த மலையின் படுகர் இனத்தவர். தோட்டக்கலை படித்துவிட்டு, வீட்டார் உருளைக்கிழங்கு போட்ட நிலத்தில் பாதியை நர்சரி ஆக்கியிருக்கிறார். எலி மணலைக் கிளறாது, பயப்பட வேண்டாம் என்றார்.

சிரிக்கும்போது சத்தம் வருவதில்லை. தோள்கள் மட்டும் குலுங்குகின்றன.

(ஆய்வுக்குத் தொடர்பில்லாத குறிப்பு.)

ஜனவரி 3

இயல் ஐந்துக்கு டேலியாவையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. கண் முன்னே பெட்டி இருக்கிறது.

மெக்சிகோ மலைகளில் பிறந்த செடி. அந்த நாட்டுப் பழங்குடிகள் வைத்த பெயருக்கு நீர்க்குழல் என்று பொருள். தண்டு உள்ளே வெற்றாக இருக்கும். ஸ்பானியர்கள் அதை மாட்ரிட் நகரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். உருளைக்கிழங்கு போல இதுவும் உணவாகும் என்று சிலர் நம்பினார்களாம். தின்று பார்த்தார்கள். ருசி பிடிக்கவில்லை. கிழங்கை விட்டுவிட்டுப் பூவைப் பிடித்துக்கொண்டார்கள்.

1791இல் பெயர் சூட்டினார்கள். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டால் நினைவாக டேலியா. டால் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். தன் பெயரைச் சுமக்கப்போகிற பூவை அவர் பார்க்கவில்லை.

பூக்களுக்குப் பொருள் சொல்லும் பழைய ஐரோப்பியப் புத்தகங்கள் இரண்டில் தேடினேன். டேலியா என்றால் மாண்பு என்கிறது ஒன்று. நம்பிக்கைத் துரோகம் என்கிறது மற்றது.

பூவுக்கு இரண்டும் தெரியாது.

ஜனவரி 13

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்துவிட்டார்கள். நான் வரவில்லை என்றதும் பொங்கலே என்னைத் தேடி வந்துவிட்டது. வெண்கலப் பானை, பச்சரிசி, மஞ்சள் குலை, பனங்கிழங்குக் கட்டு. சிறுகிழங்குப் பையை மட்டும் மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்திலேயே விட்டுவிட்டார்கள். விட்டது யார் என்பதில் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை கருத்து வேறுபாடு.

எங்கள் ஊரில் பொங்கல் குழம்பு என்றால் கிழங்குதான். ஒன்று குறைந்தாலும் அம்மாவுக்கு ஆண்டே நொண்டும்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் நட ஒரு செடிக்கொம்பு ஒடித்துக்கொண்டுதான் திரும்புவார். கேட்டு வாங்கினால் வளராது என்பது அவர் கொள்கை. வந்த அரைமணியில் டீச்சரின் ரோஜாவில் ஒரு கொம்பு ஈரத்துணிக்குள் போய்விட்டது. அம்மா பிடித்துவிட்டாள். இனி இந்த வீட்டில் ஒரு இலையைக்கூடத் தொடுவதில்லை என்று என் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கினாள். என் தலை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 15

பொங்கல்.

காலையில் கரும்பும் பாலும் வாங்க மார்க்கெட் போனேன். பெள்ளிராஜ் எதிரே வந்தார். கரும்பைத் தன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். கரும்பு நீளம். பின்னால் ஒருவர் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் நானும் ஏறினேன்.

வீடு வந்தபோது பானை பொங்கும் நேரம். அப்பா பனியில் நமத்த விறகோடு மல்லுக்கட்டி எப்படியோ தீயை மூட்டியிருந்தார். மூவரும் குலவையிட்டோம். அப்பாவின் குலவை மூச்சுத் திணறல் மாதிரி இருந்தது.

சாப்பாடு பிரமாதம். குழம்பில் ஒரு கிழங்கு புதிதாக இருந்தது. உருளைக்கும் முள்ளங்கிக்கும் நடுவில் ஒரு ருசி, லேசான நறநறப்பு. நான் இரண்டு முறை போட்டுக்கொண்டேன். அப்பா மூன்று முறை.

எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. பொங்கலன்று எங்கள் வீட்டில் கிழங்கிடம் யாரும் ஊர் விசாரிப்பதில்லை.

ஜனவரி 16

ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் டீச்சர் வாழ்த்துச் சொல்ல அழைத்தார். மணலில் ஈரம் ஏறியிருக்கிறதா, பார்த்துச் சொல் என்றார். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டுப் பெட்டியை இழுத்தேன்.

மணல் இருந்தது. மணல் மட்டும்.

அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்.

"மண்ணுக்குள்ள பத்திரமா வச்சிருந்தேல்லா. பொங்கலுக்குன்னுதான நெனைச்சேன். நம்ம வீட்ல அப்படித்தானட்டி வைப்போம்."

ஆமாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் வைப்போம். மார்கழியில் வாங்கிய கிழங்கை ஆற்றுமணலில் புதைத்து அடுக்களை மூலையில் வைப்போம், வாடாமல் இருக்க. எங்கள் ஊரில் மணலுக்குள் கிழங்கு என்றால் பொங்கல். வேறு அர்த்தமே கிடையாது. பெட்டியைப் பார்த்த நொடி, மகள் எவ்வளவு பொறுப்பாகிவிட்டாள் என்று அம்மாவுக்குக் கண் கலங்கியிருக்கிறது.

எண் எழுதிய ஐஸ் குச்சிகள்? அப்பா அடுப்பு மூட்டியது அவற்றை வைத்துத்தான்.

விஷயத்தைச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மிகச் சின்னக் குரலில், "நல்லாத்தான இருந்துச்சு" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏழாவதைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. எல்லாம் கடையில் கிடைக்கிற ஜாதிதான், வாங்கி வைத்துவிடலாம் என்றேன்.

நர்சரிக்கு ஓடினேன். பெள்ளிராஜ் முழுவதையும் கேட்டார். முகம் அசையவில்லை.

"குழம்பு எப்படிங்க இருந்துச்சு?"

கோபம் வந்தது. அவர் தோள்களைப் பார்த்தேன். குலுங்கவில்லை. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "தலைய என்ன பண்ணாங்க?"

தலை என்றால் பழைய தண்டும் கிழங்கும் சேரும் இடம். உருளைக்கு உடம்பெல்லாம் முளைவிடும் கண். டேலியாவுக்கு அந்த இடத்தில் மட்டும்தான் கண். கிழங்கு வெறும் சாப்பாட்டு மூட்டை. தலை பிழைத்திருந்தால் செடி பிழைக்கும்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மாவிடம் கேட்டேன்.

"நாரா இருந்துச்சு. வெட்டிக் குப்பைக்குழியில போட்டேன்" என்றாள்.

என் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜனவரி 17

குப்பைக்குழி. நான், அம்மா, அப்பா. முட்டைக்கோஸ் இலை, தேயிலைச் சக்கை, கரும்புச் சக்கை. ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு.

ஆறு தலைகள்தான்.

அம்மா முழங்கை வரை மண்ணாக மதியம் வரை கிளறினாள். அப்பா இடுப்பு வலி என்று சீக்கிரமே எழுந்து, ஊருக்குப் போகப் பை கட்டப் போய்விட்டார். ஏழாவது கிடைக்கவில்லை. பெருச்சாளியோ பன்றியோ. எந்த எண் தொலைந்தது என்று சொல்லக் குச்சியும் இல்லை.

ஒண்ணுதானே குறையுது, கடையில வாங்கிருவேல்லா என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அப்பாவின் முகம் தெளிந்தது போல இருந்தது.

வெட்டுப்பட்ட தலைகள் பிப்ரவரி வரை தாங்காது, அழுகிவிடும். பெள்ளிராஜ் வெட்டில் சாம்பல் தடவி ஆறு தொட்டிகளில் வைத்துத் தன் பசுமைக்குடிலில் அடுக்கினார். தினமும் வந்து பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். பிறகு, வந்தால் நல்லது என்றார்.

ஜனவரி 18

அம்மாவும் அப்பாவும் ஊருக்குக் கிளம்பினார்கள். அப்பாவின் மஞ்சள்பை கனமாக இருந்தது. தூக்க வந்தேன், தரவில்லை. பேரிக்காய் என்றார். இது பேரிக்காய்க் காலமா, தெரியவில்லை.

சாயங்காலம் டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு.

"கிழங்கு எப்படி இருக்கு உலகு?"

"நல்லா இருக்கு டீச்சர்."

யோசித்தால் அது பொய்யில்லை. அம்மாவும் அதையேதான் சொன்னாள். பூக்களுக்குப் பொருள் சொல்லும் இரண்டு புத்தகங்களில் இரண்டாவதை, நம்பிக்கைத் துரோகம் என்றதை, எடுத்துத் திரும்பப் படித்தேன்.

பிப்ரவரி 1

இரண்டு தொட்டிகளில் முளை. சிவந்த, கெட்டியான, குழந்தை மூக்கு போன்ற முளை.

பிப்ரவரி 8

நான்கு.

பிப்ரவரி 10

அம்மா தினமும் அழைத்து "எத்தனை?" என்கிறாள். வேறு பேச்சு இல்லை. சொன்னதும் வைத்துவிடுகிறாள். ரிசல்ட் பார்க்கிற பிள்ளை மாதிரி.

பிப்ரவரி 15

ஆறும்.

ஆறில் ஒன்று அதுவாக இருக்க ஏழில் ஆறு வாய்ப்பு. கணக்கு டீச்சர் வீட்டில் இருக்கிறேன். இந்தக் கணக்கைச் சொல்லத்தான் டீச்சரிடம் முடியாது.

பிப்ரவரி 22

தோட்டத்தில் நட்டோம். முதலில் கம்பு, பிறகுதான் செடி. பின்னால் ஊன்றினால் கம்பு கிழங்கைக் குத்திவிடும். முளை வெளியே தெரியும் வரை தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கிறது. இப்போது செடிக்கு இலை இருக்கிறது, ஊற்றலாம்.

கம்பு வாங்க நர்சரிக்குப் போனேன். கம்பு டீச்சரின் கொட்டகையில் ஏற்கெனவே கட்டாக இருந்தது. திரும்பி வந்த பிறகுதான் பார்த்தேன். அல்லது முன்பே.

மார்ச் 8

நுனி கிள்ளும் நாள். நான்கு ஜோடி இலை வந்ததும் உச்சிக் குருத்தைக் கிள்ளி எறிய வேண்டும். எனக்குக் கை வரவில்லை. குப்பைக்குழியிலிருந்து எழுந்து வந்தவை. அவற்றின் தலையில் மறுபடியும் கை வைப்பதா?

"கிள்ளலைன்னா ஒத்தத் தண்டா ஓங்கிப் போய் ஒரு பூவோட நின்னுடுங்க. கிள்ளினாத்தான் நாலு பக்கமும் போகும்" என்றார் பெள்ளிராஜ். மூன்று அவர், மூன்று நான்.

வீட்டுக்கு வந்து இயல் ஐந்தின் முதல் பத்துப் பக்கத்தைக் கிள்ளினேன். மாலைக்குள் புதிதாக நான்கு பக்கம் வந்தது.

மார்ச் 11

டீச்சருக்குப் பேத்தி. மூன்று கிலோ இருநூறு கிராம். பெயர் ரெடி, பூ வரட்டும், சேர்த்துச் சொல்கிறேன் என்றார். நான் வாழ்த்துச் சொன்னேன். குரல் எங்கோ வேறு அறையிலிருந்து வந்தது போல இருந்தது.

பெள்ளிராஜ் உண்மையைச் சொல்லிவிடச் சொல்கிறார். பூத்த பிறகு சொல்கிறேன் என்றேன். பூத்துவிட்டால் சொல்ல வேண்டியதே இருக்காது, அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள் என்றார்.

இரண்டு நாள் நர்சரிக்குப் போவதில்லை.

மார்ச் 12

நத்தைக்கு மருந்து கேட்கப் போனேன்.

ஏப்ரல் 1

மொட்டுகள். ஒரு காம்பில் மூன்று வருகிறது. நடுமொட்டை விட்டுவிட்டுப் பக்கத்து இரண்டையும் நீக்கினால் பூ பெரிதாகும். நீக்கினேன். இப்போதெல்லாம் கை கூசுவதில்லை.

ஏப்ரல் 4

முதல் பூ. இரத்தச் சிவப்பு. அதுவல்ல.

ஏப்ரல் 6

மஞ்சள். ஆரஞ்சு. ஒரே காலையில் இரண்டு. அவையும் அல்ல.

ஏப்ரல் 8

பந்து போல உருண்ட ஊதா. ஊதாவைப் பார்த்ததும் குனிந்து இதழ் நுனிகளைப் பார்த்தேன். முழுக்க ஊதா.

ஏப்ரல் 9

இளஞ்சிவப்பு, சாப்பாட்டுத் தட்டு அளவு. தெருவில் போகிறவர்கள் வேலியோரம் நின்று பார்க்கிறார்கள். இவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை. அதைச் சந்தோஷமாக அனுபவிக்கவும் முடியவில்லை.

ஆறாவது மொட்டின் விளிம்பில் வெள்ளை தெரிகிறது.

ஏப்ரல் 11

விரிந்தது. வெள்ளை. நுனி வரை வெள்ளை. ஒரு புள்ளி ஊதா இல்லை.

இவ்வளவு அழகான பூவை இவ்வளவு வெறுப்போடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெள்ளிராஜ் வந்து பார்த்தார். வாடிய இலை இரண்டைக் கிள்ளிவிட்டு, படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வெயில் இறங்கும் வரை.

ஏப்ரல் 12

ஞாயிறு. டீச்சர் அழைப்பதற்கு முன் நானே அழைத்தேன்.

முழுவதும் சொன்னேன். மணல், பொங்கல், குழம்பு, குப்பைக்குழி, ஆறு தலைகள், மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் சொன்ன "நல்லா இருக்கு". அந்தப் பூ இனி எங்குமே இல்லை என்பதையும். அம்மாவைக் காரணம் காட்டக் கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனால் அம்மா இல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

பின்னால் குழந்தை அழுதது. டீச்சர் "சரி" என்றார். வைத்துவிட்டார்.

அந்த "சரி"யில் எதுவும் இல்லை. கோபம்கூட.

ஏப்ரல் 13

மஸ்கட்டிலிருந்து ஒன்றும் இல்லை.

அம்மா அழைத்தாள். நாளை சித்திரை விஷு. சமையல் பட்டியலை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மாங்காய்ப் பச்சடி, அவியல், அப்புறம் அப்பா கொல்லையில் ஏதோ கிழங்கு போட்டிருக்கிறாராம், நெஞ்சு உயரம் வளர்ந்தும் வெறும் பூவாகப் பூத்து ஏமாற்றுகிறதாம், நாளைக் காலையில் தோண்டிப் பார்த்துக் குழம்பில் போட்டுவிடப்போகிறாளாம். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். காது அங்கே இல்லை.

நடுவில் அழுகை வந்துவிட்டது. சொல்லிவிட்டேன். ஏழாவது கிழங்கு கடையில் கிடைக்காது அம்மா, நான் பொய் சொன்னேன், உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது, வெள்ளைப் பூ, நுனியில் மட்டும் மை தொட்டது போல ஊதா.

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே, கொல்லைப்பக்கம் பார்த்துக் கூப்பிடுவது கேட்டது.

"ஏங்க. இங்க வாங்க. மம்பட்டியக் கீழ போடுங்க மொதல்ல."

அப்பா வந்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"துவைக்கிற கல்லுப் பக்கத்துல நிக்கிம்மா."

ஏப்ரல் 14

அப்பா வாக்குமூலம்: அம்மா பெட்டியைத் திறந்து கிழங்கெல்லாம் எடுத்து வைத்ததும், குழம்புக்குப் போகும் முன் அழகாக இருந்த ஒரு கொத்தை முழுசாக ஒதுக்கிக்கொண்டார். ஊரில் நட. குச்சி கழன்று கீழே விழுந்ததை மற்றவற்றோடு சேர்த்து எரித்தார். மறுநாள் களேபரம். என் தலைமேல் செய்த சத்தியம் வேறு. எப்படிச் சொல்ல? அதற்குள் நான் கடையில் கிடைக்கும் என்றேன். அப்படியானால் ஒன்று போனால் என்ன என்று நிம்மதியாகப் பேரிக்காயோடு கிளம்பிவிட்டார்.

நான் அன்றே அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா அப்போதே எடுத்துக் கொடுத்திருப்பார். அது சமையலறைக்கு அடுத்த அறையில், மஞ்சள்பைக்குள் இருந்தது.

மூன்று மாதம். இதை எழுதிவிட்டு இரண்டு முறை படித்தேன்.

படம் அனுப்பியிருக்கிறார்கள். துவைக்கிற கல், முருங்கை நிழல், பழைய கைலிக் கிழிசலால் மின்கம்பிக் குழாயில் கட்டிய செடி. தாமிரபரணி வெயிலில் பூ பாவம், எலுமிச்சம்பழ அளவுதான். இதழ் நுனிகளில் ஊதா. மை தொட்டது போலவேதான்.

படத்தை டீச்சருக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது. முதலில் மூச்சு மட்டும். பிறகு:

"ஏம்மா உலகு. குழம்பு எப்படி இருந்துச்சு?"

அதன் பிறகு வந்தது சிரிப்பா அழுகையா என்று ஐந்து முறை போட்டுக் கேட்டேன். சிரிப்புதான். பெரும்பாலும்.

ஏப்ரல் 17

அப்பா பெயிண்ட் வாளியில் செடியோடு வந்து இறங்கினார். அம்பாசமுத்திரத்திலிருந்து மடியிலேயே. மலையேறும்போது பர்லியார் வளைவில் பூ உதிர்ந்துவிட்டதாம். இதழ்களைச் சட்டைப்பையில் சேர்த்து வைத்திருந்தார்.

பெள்ளிராஜ் செடியை வாங்கி நிழலில் வைத்தார். இருவரும் மண்ணைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள், நான் அங்கே இல்லாதது போல. கிளம்பும்போது பெள்ளிராஜ் நர்சரியைக் காட்டி, என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பா குழம்பிப்போனார். வாழ்நாளில் யாரும் அவருக்குக் கொம்பு கொடுத்ததில்லை. கடைசியில் ஒன்றும் எடுக்காமல் கிளம்பினார். வாசலில் பார்த்தேன், டீச்சரின் ரோஜாவில் ஒரு கொம்பு குறைந்திருந்தது.

மே 6

டீச்சர் வந்துவிட்டார். பெட்டியைக் கீழே வைக்காமலேயே தோட்டத்துக்குப் போனார். ஏழாவது செடி புது இலை விட்டிருக்கிறது. மொட்டு இல்லை. பக்கத்தில் பெள்ளிராஜ் அதன் கிளைகளைக் கிள்ளி வேர்விடவைத்த நான்கு குட்டித் தொட்டிகள். இனி உலகத்தில் அது ஐந்து இடத்தில் இருக்கிறது.

டீச்சர் தொட்டிகளை எண்ணினார். என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கத் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் மறந்துவிட்டது. "இனிமே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீ எனக்குப் பொய் சொல்ல வேண்டாம். நான் இங்கதான் இருப்பேன்" என்றார். அவ்வளவுதான்.

மே மாதத்தோடு நான் அறையைக் காலி செய்வதாக ஏற்பாடு. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும்.

மே 23

கண்காட்சி. வெறுப்போடு பார்த்தேனே, அந்த வெள்ளையை வைத்தோம். இரண்டாம் இடம். டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பத்து ஆகிவிட்டது, இனி முதல் இடம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்கிறார்.

ஜூன் 2

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். அறையைக் காலி செய்யவில்லை. தென்மேற்கு மழை தொடங்கப்போகிறது, செடிகளுக்குக் கம்பு கட்ட ஆள் வேண்டும்.

ஜூன் 9

அம்மா வந்திருக்கிறாள். ஏழாவதில் மொட்டு விரிகிறது என்று சொன்னதும் அடுத்த பேருந்தில்.

காலையில் விரிந்தது. அகன்ற கை அளவு. வெள்ளை, வெள்ளை, வெள்ளை, கடைசியில் ஊதா. மழைத்துளியோடு. டீச்சர், பெள்ளிராஜ், அம்மா, நான். சுற்றி நின்றோம்.

டீச்சரின் பேத்திக்கு அடெலின் என்று பெயர் வைத்தாயிற்று. பூவுக்கும் அதேதானே என்று கேட்டேன். டீச்சர் இல்லை என்றார். தின்று பார்த்தவர்களுக்குத்தான் உரிமை என்றார். புதிதாக ஒரு ஐஸ் குச்சி கொண்டுவந்து, பேனாவை என் கையில் கொடுத்தார். எழுதினேன். என் வாழ்க்கையில் நானாக வைத்த முதல் பெயர்.

பேச்சியம்மாள்.

அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தாள். தன் பெயர்தான் என்று புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குச்சியைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், ஒரு இதழைத் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. தன் பெயர் கொண்ட பூவை டால் பார்க்கவில்லை. என் அம்மா பார்த்தாள்.

பிறகு பெள்ளிராஜ் பக்கம் திரும்பி, ரகசியம் போலக் கேட்டாள்.

"தம்பி, இதுல கிழங்கு எப்பம் தோண்டலாம்?"

அவர் தோள்கள் குலுங்கின.

"டிசம்பர்லங்க அம்மா. தலைய மட்டும் எங்களுக்கு வச்சிருங்க."

அந்த "எங்களுக்கு" காதில் விழுந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். நான் பூவைப் பார்த்தேன்.